மரம் நட்டா எப்பவுமே புண்ணியம்தானா?



இந்தத் தடவை விரதம் பத்தியோ கோயில் வரலாறு பத்தியோ எழுதலை. ரொம்ப நாளா மனசை உறுத்திக்கிட்டு இருக்கிற ஒரு கேள்வியை உங்க முன்னாடி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வாரம் எங்க பாதயாத்திரை குழுவோட வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மனஸ்தாபம். கந்த சஷ்டிக்குள்ள எங்க ஊர் கரட்டுல ஆயிரம் மரக்கன்று நடணும்னு ஒரு யோசனை வந்தது. "மலைக்கடவுளுக்கு ஆயிரம் மரம்"னு பேர் கூட வெச்சாச்சு. ஐப்பசி மழை வர்ற நேரம், கன்று பிடிச்சுக்கும்னு கணக்கு. போஸ்டர் டிசைன் பண்ணிக் கொடுக்கறதும், வசூல் கணக்கு பார்க்கறதும் வழக்கம்போல என் தலையில. நான் மட்டும், "இப்ப வேணாமே, முதல்ல மலையைப் போய் பாத்துட்டு வருவோம்"னு எழுதினேன். உடனே ஒரு நண்பன் கேட்டான்: "மரம் நட வேணாம்னு சொல்ற முதல் முருக பக்தன் நீதான்டா மாப்ள." பத்துப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டாங்க.

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம்னு சொல்றோம். அந்தக் குன்றுல ஒரு மரம் நடறது தப்பா? இதுக்கு ஒரு வரியில பதில் எழுத என்னால முடியலை. அதனாலதான் இந்தப் பதிவு.

2019-ல் நாங்க செஞ்சது

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலை பக்கம் ஒரு சின்ன கிராமம். 2018 நவம்பர்ல கஜா புயல் எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சு கிடந்ததைப் பார்த்து அழாத ஆள் இல்லை. அடுத்த வருஷம் எங்க பார்த்தாலும் மரம் நடும் விழாதான். நானும் அப்பத்தான் இன்ஜினியரிங் முடிச்சிருந்தேன். வேலைக்குக் கூப்பிட இன்னும் சில மாசம் இருந்தது. நாங்க பசங்க பதினைஞ்சு பேர் சேர்ந்து, முருகனுக்கு வேண்டிக்கிட்டு, ஊர் கரட்டு அடிவாரத்துல ஐந்நூறு கன்று நட்டோம்.

நடறதுக்கு முன்னாடி இடத்தைச் சுத்தம் பண்ணணுமே. "வெறும் புதர் மண்டிக் கிடக்கு, ஒண்ணுத்துக்கும் ஆகாத இடம்"னு பேசிக்கிட்டோம். அரை நாள் ஜேசிபி விட்டு எல்லாத்தையும் வழிச்சு ஓரமா தள்ளினோம். குழி தோண்டி, வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி, கிடைச்ச கன்றெல்லாம் நட்டோம். ஒவ்வொரு கன்றுக்கும் விபூதி பூசி, வேல் படம் போட்ட பேனர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்தோம். அந்த போட்டோ இன்னும் என் கைப்பேசியில இருக்கு. எல்லார் முகத்துலயும் அவ்வளவு சந்தோஷம். அதுல பொய் ஒண்ணும் இல்லை.

மார்கழி வரைக்கும் டிராக்டர் டேங்கர்ல தண்ணி ஊத்தினோம். அப்புறம் ஒவ்வொருத்தனுக்கா வேலை வந்தது. சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர்னு கிளம்பிட்டோம். அடுத்த சித்திரையில நான் போய் பார்த்தப்ப நாப்பது கன்று உயிரோட இருந்திருக்கும். மீதியெல்லாம் குச்சி. அதுகூட பரவாயில்லை. முன்னாடி புதர் இருந்த இடத்துல மழைத்தண்ணி வாய்க்கால் வாய்க்காலா மண்ணை அரிச்சு இழுத்துட்டுப் போயிருந்தது. அந்த மண்ணு கீழ இருக்கிற ஊருணியில போய்ப் படிஞ்சிருந்தது.

அங்க ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்தார். திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை. "தம்பி, நீங்க புதருன்னு சொரண்டித் தள்ளுனது விராலிச் செடிப்பா. மயிலு அடை உக்கார்றது அதுக்குள்ளதான். ஆடு அதைத் திங்காது, அதனால மண்ணைப் புடிச்சுக்கிட்டு அது பாட்டுக்கு நின்னுச்சு. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே"ன்னார்.

விராலி! எங்க ஊர் முருகன் மலையோட பேர்லயே இருக்கிற செடி. அந்த மலையில சின்ன வயசுல இருந்து படியேறி இருக்கேன். அருணகிரிநாதர் பாடின தலம்னு பெருமையா சொல்லியிருக்கேன். ஆனா விராலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. முருகன் பேரைச் சொல்லி, முருகன் மலையோட செடியை, முருகன் வாகனம் முட்டை வைக்கிற இடத்தை, காசு கொடுத்து ஜேசிபி வெச்சு அழிச்சிருக்கேன். மயில் மரத்துல தூங்கும், ஆனா முட்டையிடறது தரையில, புதர் மறைவுல. அதைக்கூட அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பழனி மலையோட கதை

இதை என்னோட தனிப்பட்ட முட்டாள்தனம்னு நினைச்சு விட்டுடலாம். ஆனா இதே மாதிரி ஒரு தப்பு, இதைவிடப் பல மடங்கு பெருசா, நாம காவடி தூக்கிட்டுப் போற மலையிலயே நடந்திருக்கு.

தைப்பூசத்துக்கு எங்க பக்கத்துல இருந்து மணப்பாறை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியா நடப்போம். ஒட்டன்சத்திரம் தாண்டினதும் இடது கைப் பக்கம் பழனி மலைத்தொடர் நீளமா, நீலமா தெரியும். கால் கொப்புளமெல்லாம் மறந்து போகும். "எவ்ளோ பெரிய காடு பாருங்கடா"ன்னு ஒவ்வொரு வருஷமும் யாராவது சொல்லுவோம். ஒரு தடவை ஆபீஸ் நண்பர்களோட கொடைக்கானல் போனப்பத்தான், மேல இருக்கிறதுல நிறைய, நாம நினைக்கிற காடு இல்லைன்னு புரிஞ்சது.

அந்த மலையோட உச்சிப் பகுதி, அதாவது கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்துல இருக்கிற இடம், இயற்கையா ரெண்டு பகுதியா இருக்கும். தண்ணி ஓடற மடிப்புகள்ல, காத்து அடிக்காத பள்ளங்கள்ல, குட்டையா நெருக்கமா வளர்ந்த சோலைக்காடு. மத்த சரிவு முழுக்க புல்வெளி. புல்வெளின்னா யாரோ மரத்தை வெட்டினதால வந்த மொட்டை இடம் இல்லை. பல ஆயிரம் வருஷமா அது அப்படித்தான் இருக்கு. மழையையும் பனியையும் புல்லும் அடியில இருக்கிற கறுப்பு மண்ணும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா சோலை ஓடைகளுக்கு விடும். நம்ம மாநில விலங்கான வரையாட்டுக்கு வீடு அந்தப் புல்வெளிதான்.

குறிஞ்சிப் பூவும் சோலைக்குள்ள பூக்கிறது இல்லை, அந்தத் திறந்த புல்வெளிச் சரிவுலதான் பூக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. நம்ம சாமிக்குப் பேரே அந்தத் திணையில இருந்து வந்ததுதான். குறிஞ்சி நிலத் தலைவன்.

1845 வாக்குல அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானல்ல குடியேற ஆரம்பிச்சாங்க. பின்னாடியே ஆங்கிலேய அதிகாரிகளும் வந்தாங்க. குளிருக்கு விறகு வேணும். புல்வெளியைப் பார்த்தவங்களுக்கு அது சும்மா கிடக்கிற தரிசாத்தான் தெரிஞ்சது. நாங்க கரட்டைப் பார்த்து, "ஒண்ணுத்துக்கும் ஆகாத இடம்"னு சொன்ன அதே பார்வை. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த யூக்கலிப்டஸ், வாட்டில் மரங்களை நட்டாங்க. நீலகிரியில வாட்டிலைச் சீகை மரம்னு சொல்லுவாங்க. அதோட பைன். வெள்ளைக்காரன் போனதும் இது நின்னுடலை, நம்ம காலத்துலதான் வேகம் எடுத்தது. வாட்டில் பட்டை தோல் பதனிடறதுக்கு, யூக்கலிப்டஸ் கூழ் தொழிற்சாலைகளுக்கு. புல்வெளி ஒவ்வொரு சரிவா மரத்தோட்டமா மாறிச்சு.

செயற்கைக்கோள் படங்களை வெச்சு 1973-க்கும் 2014-க்கும் நடுவுல பழனி மலையில என்ன ஆச்சுன்னு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்து 2018-ல் வெளியிட்டாங்க. அந்த நாப்பது வருஷத்துல மலைமேல இருந்த புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு காணாம போயிருந்தது. முக்கியக் காரணம், மரத்தோட்டமும் விவசாயமும். ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. காடு அழியுதுன்னா மரம் வெட்டறதுதான் நமக்கு ஞாபகம் வரும். இங்க மரம் நட்டே ஒரு மலையோட இயல்பை அழிச்சிருக்கோம்.

கொடைக்கானல்ல குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கு. 1936-ல் லீலாவதி இராமநாதன் அம்மையார் கட்டினது. ஆஸ்திரேலியாவுல பிறந்து, சைவத்துக்கு வந்து, இலங்கை சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவங்க. அந்தக் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு வெளியே நின்னப்ப எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஒரு பெண், இந்த மலை யாரோடதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அவனுக்குக் குறிஞ்சி ஆண்டவர்னு கோயில் கட்டினாங்க. அதே ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த மரங்களை, இந்த மலைக்கு என்ன வேணும்னு கேக்காம, குறிஞ்சி பூக்கிற இடத்துல நாம நட்டிருக்கோம். நிழல் விழுந்தா குறிஞ்சி வளராது.

எண்ணம் நல்லதா இருந்தா போதாதா?

இங்கதான் என் கேள்வியே ஆரம்பிக்குது. அந்த மரங்களை நட்டவங்க கெட்டவங்களா? எனக்கு அப்படித் தோணலை. விறகுக்குத் தோட்டம் போட்டா சோலைக்காட்டை வெட்ட மாட்டாங்கன்னு ஒரு கணக்கு இருந்தது, அது ஓரளவு நியாயமும் கூட. தோல் தொழில்ல, கூழ் ஆலையில ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சாப்பிட்டிருக்கு. நான் படிச்ச நோட்டுப் புத்தகத்துக்கும் ஏதோ ஒரு யூக்கலிப்டஸ் விழுந்திருக்கும். எங்க புதுக்கோட்டை மாவட்டத்துலயே பஸ்ல போனா ரெண்டு பக்கமும் மைல் கணக்குல தைல மரக்காடுதான். ஊர்ல ஆர்.எஸ்.பதி மரம்னு சொல்லுவோம். அதை வெட்டற வேலையில, ஏத்தற வேலையில எங்க சொந்தக்காரங்களே இருக்காங்க. இன்னொரு பக்கம், அந்தத் தோட்டத்துல வெட்டின வரப்புகளால மழைத்தண்ணி கண்மாய்க்கு வந்து சேரலைன்னு விவசாயிகள் வருஷக்கணக்கா போராடறாங்க. ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதான். வில்லன்னு யாரையும் காட்ட முடியாது.

அப்படின்னா தப்பு எங்க? எண்ணத்துல இல்லை. ஆனா எண்ணம் நல்லதா இருக்குங்கிற நிம்மதியிலயே, கேக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேக்காம விட்டோம். "இந்த இடம் ஏன் இப்படி இருக்கு?"

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லா புரியும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, பழைய கோடுல எதுக்குன்னே தெரியாத பத்து வரியைப் பார்த்து, "குப்பை"ன்னு தூக்கிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தது. அந்தப் பத்து வரிதான் மாசக் கடைசியில ஒரு கணக்கைச் சரி பண்ணிக்கிட்டு இருந்திருக்கு. எனக்குப் புரியலைங்கிறதும், அது தேவையில்லைங்கிறதும் ஒண்ணு இல்லைன்னு அன்னிக்குக் கத்துக்கிட்டேன். ஆனா கரட்டைப் பொறுத்தவரை அந்தப் பாடம் எனக்குத் தோணவே இல்லை. கோடைத் திரும்பப் போட ஒரு கட்டளை போதும். விராலிப் புதரைத் திரும்பக் கொண்டுவர அப்படி ஒரு கட்டளை கிடையாது.

சரி, பக்தியிலயே ஒரு உதாரணம் சொல்றேன். எங்க விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் உண்டு. பழனி ஆண்டவருக்குப் பஞ்சாமிர்தம். விராலிமலையில படைக்கிறாங்களேன்னு பழனிக்கு யாராவது சுருட்டு கொண்டு போவோமா? மாட்டோம். எந்தத் தலத்துல எந்த மூர்த்திக்கு என்ன உகந்ததுன்னு நமக்குத் தெரியும், தெரியலைன்னா குருக்கள்கிட்ட கேப்போம். எந்தப் பூ ஆகும், எந்தப் பூ ஆகாதுங்கிற வரைக்கும் கேப்போம். கருவறைக்குள்ள இவ்வளவு கவனமா இருக்கிற நாம, அந்தக் கருவறை நிக்கிற மலைகிட்ட மட்டும் எதையும் கேக்காம, நமக்குப் பிடிச்சதைக் கொண்டு போய்க் கொட்டறோம். நைவேத்தியத்துக்கு ஒரு முறை இருக்குன்னா, மலைக்கும் ஒரு முறை இருக்கும்தானே?

இன்னொண்ணு. பழனி மூலவர் திருமேனி போகர் செஞ்ச நவபாஷாணம்னு நம்பறோம். அந்தத் திருமேனி தேய்ஞ்சுடக் கூடாதேங்கிற கவலையில அபிஷேகங்களைக் குறைச்சாங்க. பால் ஊத்தறது பக்திதான், சந்தேகமே இல்லை. ஆனா அந்த பக்தியே திருமேனியைத் தேய்க்குதுன்னா, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதும் பக்திதான்னு நாம ஏத்துக்கிட்டோம். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமா படுது. நம்ம ஆசைக்காகச் செய்யாம, அவனுக்காக நிறுத்திக்கிறது.

அப்ப எல்லாத்தையும் வெட்டிடலாமா?

இதைப் படிச்சுட்டு, "சரி, அந்த வாட்டில் மரத்தையெல்லாம் உடனே வெட்டித் தள்ளணும்"னு உங்களுக்குத் தோணலாம். எனக்கும் முதல்ல அதான் தோணுச்சு. தென்னாப்பிரிக்காவுல 1995-ல் இருந்து அரசாங்கமே இதே வாட்டிலை அகற்றிக்கிட்டு இருக்கு. மரம் தண்ணியைக் குடிச்சுடுது, ஆறு வத்துதுங்கிறதுதான் காரணம். அந்த வேலையை ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்தாங்க. நம்ம ஊர்லயும் 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்க ஒரு கொள்கையே கொண்டு வந்தது. நல்ல விஷயம்தான்.

ஆனா மலை இங்கயும் நம்மளை அவசரப்பட விடலை. வாட்டில் விதை மண்ணுக்குள்ள பல பத்தாண்டு உயிரோட கிடக்கும். மேல இருக்கிற மரத்தை மொத்தமா வெட்டி வெயில் பட்டா, இல்லைன்னா தீ பிடிச்சா, ஒரு மரம் இருந்த இடத்துல நூறு கன்று முளைக்கும். வெட்டிட்டுத் திரும்பி வந்து வருஷா வருஷம் பிடுங்க ஆள் இல்லைன்னா, வெட்டாமலே இருந்திருக்கலாம். இன்னொரு சிக்கலும் இருக்கு. கொடைக்கானல் பக்கத்துல வட்டக்கானல்ல பாப் ஸ்டீவர்ட், தான்யா பால்கர்னு ஒரு தம்பதி பல வருஷம் வாழ்ந்து சோலை மரங்களை வளர்த்தாங்க. அவங்க கவனிச்சுச் சொன்னது இது: சில பழைய தோட்டங்கள்ல, அந்நிய மரத்தோட நிழலுக்கு அடியில, சோலை மரக்கன்றுகள் தானா முளைச்சு வருது. அந்த இடத்துல மேல இருக்கிற மரத்தை ஒரேயடியா வெட்டினா, கீழ வர்ற சோலையும் சேர்ந்து போயிடும்.

இன்னொரு பக்கம், இன்னும் மிச்சம் இருக்கிற புல்வெளியில வாட்டில் கன்று எட்டிப் பார்த்தா உடனே பிடுங்கணும், தாமதிச்சா புல்வெளி போச்சு. ஆக, ஒரே மலையில ஒரு சரிவுல பிடுங்கறது சரி, அடுத்த சரிவுல விட்டு வைக்கிறது சரி. எது எங்கன்னு அங்கயே இருந்து பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். நாங்க கரட்டுல செஞ்ச தப்புக்குப் பரிகாரம் பண்றேன்னு இன்னொரு ஜேசிபி எடுத்துட்டுப் போனா, அதுவும் அதே தப்புதான்.

"அப்ப ஒண்ணுமே செய்யாம சும்மா இருக்கணுமா? மலையைத் தொடவே கூடாதா?"ன்னு கேப்பீங்க. அப்படியும் நான் சொல்லலை. வள்ளி கதையை நினைச்சுப் பாருங்க. வள்ளி தினைப்புனம் காத்த பொண்ணு. அவங்க ஜனங்க மலையில உழைச்சு, தினை விதைச்சு, தேன் எடுத்துச் சாப்பிட்டவங்க. மலையைப் பயன்படுத்தறது பாவம்னா, நம்ம சாமி அந்த வீட்டுல பொண்ணு கேட்டிருக்க மாட்டார். அதோட, வள்ளி முன்னாடி அவர் வேங்கை மரமா நின்னார்னு சொல்றோமே, அந்த வேங்கை அந்த மலையோட சொந்த மரம். நம்ம பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கோங்க. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின அந்தப் பிரசாதத்துக்குப் பேர் போன விருப்பாச்சி மலைவாழை, பழனி மலையோட கீழ்ச்சரிவுல மர நிழல்ல விளையறது. மலை கொடுக்குது, நாம வாங்கிக்கிறோம். அதுல தப்பில்லை. எவ்வளவு, எங்க, எப்பங்கிற அளவு தெரியாம எடுக்கறதும் கொடுக்கறதும்தான் தப்பு.

சண்முக நதியில முங்கறப்ப

பாதயாத்திரை போறவங்க பழனியில சண்முக நதியில முங்கிட்டுத்தான் மலை ஏறுவோம். ஆறு ஓடைகள் சேர்றதால சண்முக நதின்னு பேர்னு சொல்லுவாங்க. பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதின்னு எல்லாம் அந்தப் பழனி மலையில இருந்து இறங்கற தண்ணிதான். நாம தலையில ஊத்திக்கிற அந்தத் தண்ணி, மேல ஏதோ ஒரு சோலையில, ஏதோ ஒரு புல் வேர்ல தங்கிட்டு வந்தது. போன தைப்பூசத்துல நான் முங்கி எழுந்தப்ப, ஆத்துல பிளாஸ்டிக் பாட்டிலும் கழட்டிப் போட்ட மாலையும் துணியும் காலைச் சுத்திச்சு. அந்தப் பாட்டில்கள்ல ஒண்ணு ரெண்டு நான் வழியில குடிச்சுட்டுத் தூக்கிப் போட்டதா கூட இருக்கலாம். மேல மலையைப் பத்தி நான் என்ன பேசினாலும், என் கைக்கு எட்டற தூரத்துல இருக்கிறது இந்தப் பாட்டில்தான்.

அதனால குரூப்ல நண்பன் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. மரம் நடறது புண்ணியமா இருக்கலாம், பாவமாவும் இருக்கலாம். அது மரத்தைப் பொறுத்தது இல்லை, இடத்தைத் தெரிஞ்சுக்கிட்டோமா, நட்டுட்டு அங்க இருந்தோமாங்கிறதைப் பொறுத்தது. கஜாவுல விழுந்த தோட்டத்துல, வீட்டு வாசல்ல, கண்மாய்க் கரையில நடுங்க, தண்ணி ஊத்த ஆள் இருந்தா தாராளமா நடுங்க. ஆனா கரடு காலி இடம் இல்லை. அங்க ஏற்கெனவே குடி இருக்காங்க.

நான் குரூப்ல மூணு விஷயம் கேட்டிருக்கேன். ஒண்ணு, இந்த வருஷம் கரட்டுக்கு ஜேசிபி வேணாம், எந்தப் புதரையும் தொட வேணாம். ரெண்டு, ஆயிரம் கன்றுக்கு வசூல் பண்ற பணத்துல, நாங்க 2019-ல் வழிச்ச இடத்துல மண் அரிக்கிறதுக்குக் குறுக்க கல் வரப்பு போடுவோம். அந்த ஆட்டுக்காரப் பெரியவரைக் கூட்டிக்கிட்டுப் போய், விராலி, காரை, சூரை, இன்னும் எனக்குப் பேர் தெரியாத எல்லாத்தையும் அவர் வாயால கேட்டு எழுதிக்குவோம். விதை எப்ப பழுக்கும்னும் அவரையே கேப்போம். அவருக்கு அதுக்கு ஒரு நாள் கூலியும் கொடுப்போம். மூணு, யாத்திரையில ஆளுக்கு ஒரு சொம்பு, வாங்கிக் குடிக்கிற பாட்டில் கிடையாது.

போஸ்டர் போட ஒண்ணும் இல்லாத திட்டம்னு எனக்கே தெரியும். புதரைத் தொடாம விட்ட இடத்துக்கு முன்னாடி நின்னு என்னன்னு போட்டோ எடுக்கறது? லைக்கும் வராது. குரூப்ல இதுவரைக்கும் நாலு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. அந்த நண்பன் இன்னும் பதில் போடலை. நேத்து மட்டும் தனியா ஒரு மெசேஜ் அனுப்பினான்: "விராலிச் செடி எப்படி இருக்கும்டா? போட்டோ இருக்கா?"

என்கிட்ட போட்டோ இல்லை. ஞாயித்துக்கிழமை ஊருக்கு வா, கரட்டுக்குப் போய் பெரியவரையே கேப்போம்னு சொல்லியிருக்கேன்.

உங்க ஊர் மலைக்கும் ஒரு செடி பேர் இருக்கும், ஒரு பெரியவர் இருப்பார். கந்த சஷ்டிக்கு மாலை போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வாங்க.

ஓம் சரவணபவ.